பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

1998 ஆயுத பூஜையன்று காலை, மைசூரில் புதிதாகத் திறந்த 'சட்டம் அறிவோம்' அலுவலகத்தில் இருந்தவர்கள்: அதிகாரி கெம்பையன், குமாஸ்தாக்கள் மூவர், அர்ச்சகர் ஒருவர், போட்டோக்காரர் ஒருவர், கம்ப்யூட்டரை இயக்கப் பயிற்சி பெற்ற மதன், பொதுமக்கள் என்ற வகையில் பாப்பாயி. ஆக எட்டுப் பேர். கம்ப்யூட்டரை ஆளாகச் சேர்ப்பதா, தளவாடமாகச் சேர்ப்பதா என்று மேலிடத்து உத்தரவு வராததால் அதைச் சேர்க்கவில்லை.

பாப்பாயி ஹனூர்ப் பக்கத்துக்காரி. கட்டட வேலைக்கு வந்தவள். அவள் குடியிருந்த ஒற்றை அறையைத் தசரா பார்க்க வருகிறவர்களுக்கு விட வீட்டுக்காரன் சித்தையனுக்கு ஆசை வந்துவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணலைன்னா பூட்டிருவேன்" என்றிருந்தான். அப்படிப் பூட்டலாமா, கூடாதா? அந்த ஒரு கேள்வியோடுதான் வந்திருந்தாள். ஏழைகளின் எல்லாச் சட்டக் கேள்விகளுக்கும் அந்தப் பெட்டியில் பதில் உண்டு என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள்.

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை சாத்தி, தீபாராதனை காட்டினார்கள். பூசணிக்காய் உடைந்தது. பாப்பாயி கேள்வியைச் சொன்னாள்.

"பூஜை போட்டாச்சே அக்கா," என்றான் மதன். "நாளைக்கு மறுபூஜை ஆகிற வரைக்கும் தொடக்கூடாது."

"தொடாம கேட்டுச் சொல்லு சாமி."

"தட்டினாத்தான் அக்கா பதில் வரும்."

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியாததாங்கய்யா? வாயாலயே சொல்லிப்போடுங்க."

"நோடம்மா, இங்கே பாரம்மா," என்றார் கெம்பையன் வருத்தத்தோடு. "எனக்குத் தெரிஞ்ச சட்டம் பூரா போன மாசமே அதுக்குள்ள ஏத்தியாச்சு. இனி அதிலேருந்து வர்றதுதான் அதிகாரபூர்வம். நான் சொன்னா வெறும் பேச்சு."

"அந்த வெறும் பேச்சாச்சும் குடுங்க."

"கணினிமயமான ஆபீசிலே வெறும் பேச்சு பேசினா என்னை மாத்திருவாங்கம்மா."

வீட்டுக்காரனுக்கு ஒரு வரி எழுதித் தரக் கேட்டாள். பேனாவில் பொட்டு இருந்தது. முத்திரைக் கட்டையிலும் இருந்தது. டெலிபோனுக்குப் பூச்சரமே சுற்றியிருந்தது. பயனடைந்தவரைப் படம் எடுக்கலாமென்றால் கேமராவுக்கும் பூஜை முடிந்திருந்தது. 'பயனடைந்தோர் ஒருவர்' என்று ஒரு குமாஸ்தா மனத்திலேயே குறித்துக்கொண்டார்.

பொரியும் கடலையும் கொடுத்து அனுப்பினார்கள். மனசு கேட்காமல் மதனும் கூடவே போனான். அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சட்டி பானையெல்லாம் உள்ளே. பூட்டில் சந்தனம், குங்குமம்.

"சாயங்காலம்னுதானே சொன்னீங்க?" என்றாள் பாப்பாயி.

"நல்ல நேரம் பகல்லயே முடியுதாம்," என்றான் சித்தையன். "பூட்டுக்கும் பூஜை போட்டாச்சு. நாளைக்குத்தான் தொடணும்."

"நாளைக்குத் தொறந்து விடுவீங்களா?"

"தொறப்பேன். விருந்தாளிங்க வந்துருவாங்கல்ல."

அவன் போனதும் மதனுக்குப் பொறுக்கவில்லை. "பொட்டு வெச்சுட்டா அவன் பூட்டினது நியாயமாயிருமா? ஒரு கடப்பாரை குடுங்க அக்கா, பேத்து எறியறேன்."

தெரு முழுக்கக் கட்டட வேலைக்காரர்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாப்பாயிக்கே தூக்கிவாரிப் போட்டது.

"என்ன பேச்சு பேசற தம்பி? காலையிலதான் கடப்பாரையைக் கழுவிப் பொட்டு வெச்சிருக்கேன். தெய்வக்குத்தமாயிரும்."

சொல்லிவிட்டு, பூட்டிய கதவுக்கு வெளியே முந்தானையை விரித்து உட்கார்ந்தாள்.

அந்தத் தெருவில் கடப்பாரை ஏழு, சம்மட்டி நான்கு, சுத்தியல் ஒன்பது. ஆக இருபது. இருபதும் சுவரோரம் மாலையோடு சாய்ந்திருந்தன. பூட்டை உடைக்க மிஞ்சியது சைபர்.