சம்பந்தி மேல் அடித்த புகை

வீட்டில் குற்றவாளி இவர்தான் என்று ஒருமுறை மனசுக்குள் முடிவு கட்டிவிட்டால், அப்புறம் பார்ப்பதெல்லாம் ஆதாரமாகத்தான் தெரியும். நான் முடிவு கட்டிய ஆள் என் கணவர் எட்வின்.

என்னிடம் பழைய டர்போ கார் ஒன்று உண்டு. இன்ஜினுக்குப் பெட்ரோல் எவ்வளவு போகவேண்டும் என்பதை லேப்டாப்பில் மாற்றிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. (கேட்பவர்களிடம் மாமியார், "மருமக கம்ப்யூட்டர்ல கார் ஓட்டுது" என்பார்.) அதன் புகைக்குழாயில் ஒரு சென்சார் மாட்டியிருந்தேன். வெளியேறும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அது அளக்கும். ஆக்சிஜன் கூடினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். மீட்டரில் எண் ஏறும். டர்போ காரில் அது விளையாட்டில்லை. சூடு ஏறி பிஸ்டனே உருகிப்போகும்.

நாத்தனார் ஜெனிக்கு நிச்சயம் வைத்திருந்த நேரத்தில் அந்த எண் ஏற ஆரம்பித்தது.

எட்வினுக்குப் படகுத் தொழில். அக்காள்மடத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் மண்ணெண்ணெய் கேன் எப்போதும் இருக்கும். பெட்ரோலோடு அது கலந்தாலும் மீட்டர் எண் கெடும். எனக்கு அது போதாதா?

"ஏங்க, கார் டேங்க்ல மண்ணெண்ணெய் ஊத்துனீங்களா?"

"டேங்க்கை நான் தொடவே இல்ல."

கண் சிமிட்டாமல் சொன்னார். பொய் சொல்கிறவர்தான் கண் சிமிட்டாமல் இருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கைலியை மோந்து பார்த்தேன். டேங்க் மூடியில் என் தலைமுடி ஒன்றை ஒட்டிவைத்தேன், மறுநாள் காணோம். (கடற்கரை ஊரில் காற்று அடிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.)

அவரை உளவு பார்த்துக்கொண்டே பெட்ரோல் அளவையும் கூட்டிக்கொண்டே போனேன். எண் இறங்குவேனா என்றது. பின்பக்க பம்பர் கரி பிடித்துக் கறுத்தது. அதையும் எட்வின் கணக்கில் சேர்த்தேன்.

நிச்சயத்தன்று ராமநாதபுரத்துப் பார்லரிலிருந்து ஜெனியை ஏற்றிக்கொண்டு வந்தேன். பாம்பன் பாலத்தில் கார் விக்கி விக்கி ஏறியது.

"மதினி, நின்னுருமா?" என்றாள் ஜெனி.

"உங்க அண்ணனைக் கேளு" என்றேன்.

ஒருவழியாக எங்கள் மாதா கோயில் வாசல் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா உப்பூர்ப் பக்கத்து ஆள், நல்ல மரியாதைக்காரர். வெள்ளை வேட்டி சட்டையில் காருக்குப் பின்னால் வந்து நின்று, "வாங்கம்மா, இங்கன ஒடிங்க, வாங்க" என்று ரிவர்ஸுக்குக் கை காட்டினார். இன்ஜின் அணையப் பார்த்தது. அணையக்கூடாதே என்று ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.

கண்ணாடியில் கறுப்பு மேகம் ஒன்று தெரிந்தது. அது கலைந்தபோது சம்பந்தி நின்ற இடத்தில் நிலக்கரிச் சிலை மாதிரி ஒருவர் நின்றார். கை மட்டும் இன்னும் "வாங்க" என்று ஆடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அத்தை, "சகுனமே சரியில்லையே, வண்டியக் கிளப்புங்க, ஊருக்குப் போவோம்" என்றார். ஜெனி அழத் தொடங்கினாள்.

சம்பந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புகைதானக்கா, போயிரும். மாத்துத் துணி கெடைக்குமா?" என்றார். அவர் உடம்புக்குப் பொருந்தியது பங்குச்சாமியாரின் வெள்ளை அங்கி ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டுதான் தாம்பூலம் மாற்றினார்.

மறுநாள் காரை ஜாக்கியில் தூக்கி அடியில் புகுந்தேன். சென்சாருக்கு முன்னால் குழாய் இணைப்பு விலகியிருந்தது. அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. அந்தக் காற்றைத்தான் சென்சார் அளந்திருக்கிறது. இன்ஜினுக்குப் பெட்ரோல் குறையவே இல்லை. நான்தான் மூச்சுமுட்ட ஊட்டியிருக்கிறேன். எரியாத அந்த மிச்சப் பெட்ரோல்தான் கரும்புகையாக வந்திருக்கிறது. இணைப்பின் அடியில் கல் உரசிய புதுத் தடம் இருந்தது. வெளியே தலையை நீட்டினேன். எட்வின் நின்றிருந்தார். இந்தமுறை கண் சிமிட்டினார்.

"ஒருநா உன் கார்ல ஐஸ் பெட்டி ஏத்திக்கிட்டுக் கடக்கரைக்கு எறக்குனேன். அடியில ஒரு கல்லு தட்டுச்சு."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீ டேங்க்கப் பத்தி மட்டுந்தான கேட்ட?"

ஜெனிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நிச்சயதார்த்த ஆல்பத்தைப் புரட்டும் எவரும் ஒரு பக்கத்தில் நின்று, "ரெண்டு சாமியார் வந்திருந்தாங்களா?" என்று கேட்காமல் போனதில்லை. பிள்ளைகள் இரண்டும் சம்பந்தியை இன்றுவரை "ஃபாதர் தாத்தா" என்றுதான் கூப்பிடுகின்றன.