சுவாமிக்கு ஒரு பாட்டு

எனக்குத் தெரியாத மொழியில் ஒரு பெண் கண்ணீர் விட்டுப் பாடினால், அது பக்திப் பாட்டாகத்தான் இருக்கும் என்று நம்பிய ஆள் நான். அந்த நம்பிக்கையை ஒரு மரண வீட்டில், ஐம்பது பேருக்கு முன்னால் தொலைத்தேன்.

பசறையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அளந்து கிழிப்பது மட்டும்தான் என் பொறுப்பு. (கூச்சத்தில் நான் தடுமாறிப் பேசினால் வாங்க வந்தவர்கள் கவலைப்பட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள்.) பகல் சாப்பாட்டு நேரத்தில் போன்தான் துணை. அதில் ஒருநாள் தானாக வந்து விழுந்தது ஓர் இந்தோனேசியப் பாட்டு. தபேலா மாதிரி ஒரு மேளம், கூடவே புல்லாங்குழல். நம் பழைய சினிமாப் பாட்டை யாரோ கடல் தாண்டிக் கொண்டுபோய் வளர்த்தது போல் இருந்தது. 'டங்டுட்' என்று பெயராம். அன்றிலிருந்து எனக்கு அந்த நாட்டுப் பைத்தியம் பிடித்தது. தொடர்களில் மாமியார் முறைப்பதைப் பார்ப்பேன். பேய்ப் படங்களில், வெள்ளைத் துணியில் சுற்றி உச்சியில் முடிச்சுப் போட்ட பிணம் குதித்துக் குதித்து வருவதைப் பார்ப்பேன். (எத்தனை மீட்டர் துணி என்று மனசு கணக்குப் போடும்.)

ஒரு பாட்டை மட்டும் போனில் இறக்கி வைத்திருந்தேன். பாடகி கைகூப்பி, மேலே பார்த்து, "சுவாமிக்கு... சுவாமிக்கு..." என்று உருகுவார். நடுவில் "காவி" என்றும் ஒரு சொல் வரும். காவி உடுத்திய சுவாமி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்போதுதான் அக்காவின் கணவர் இறந்தார். அக்கா இருப்பது ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில். ஆனால் மச்சான் இறந்தது பண்டாரவளையில், இன்னொரு வீட்டில். அங்கே ஆறு வருசமாக அவருக்கு இன்னொரு மனைவி இருந்தது எல்லோருக்கும் தெரியும். அக்கா முன்னால் மட்டும் யாரும் சொன்னதில்லை. உடலைக் கேட்டு வாங்கி வந்து வீட்டில் வைத்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இன்னைக்கு ஒரு நாளாச்சும் அந்தப் பேச்சு வேணாம். அவரு இந்த வீட்டு ஆளாப் போகணும். நீ பாட்டுப் போட்டுக்கிட்டே இரு. பாட்டு நின்னா சனம் வாயத் தொறந்துரும்."

லயத்தில் சிக்னல் கிடையாது. போனில் இருந்த தமிழ்ப் பக்திப் பாட்டு இரண்டே இரண்டு. ஒவ்வொன்றும் ஏழெட்டு முறை ஓடியதும் ஒரு பெரியவர், "என்னாப்பா, வேற சாமியே இல்லையா ஒங்கிட்ட?" என்றார்.

இருந்தாரே! ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டி இந்தோனேசியச் சுவாமியைப் போட்டேன்.

நன்றாகத்தான் போனது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுச் செல்வராணி மட்டும் சட்டென்று தலையைத் தூக்கினார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய், இந்தோனேசியப் பெண்களோடு ஒரே அறையில் ஒன்பது வருசம் இருந்தவர் அவர்.

"ஐயையோ, இத யாருங்க போட்டது?"

"நான்தான்... சாமிப் பாட்டு" என்றேன்.

"சாமியா? 'சுவாமிக்கூ'ன்னா அந்தப் பாஷையில 'எம் புருசன்'ங்க. 'காவின் லாகி'ன்னா மறுபடியும் கல்யாணம் கட்டிக்கிட்டான்."

சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்து சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

மச்சானின் அண்ணன் எழுந்தார். "யார்ரா ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது? பொணத்துக்கு முன்னாலயே குத்திக் காட்டுறியா? நிறுத்துடா!"

நிறுத்தப் போன என் விரல் மாறி அழுத்திச் சத்தத்தை இன்னும் கூட்டியது. சவப்பெட்டியில் மச்சானைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு நானும் படுத்துக்கொள்ள இடம் இருக்குமா என்று பார்த்தேன்.

"நிறுத்தாத" என்றாள் அக்கா. காலையிலிருந்து அவள் ஒரு சொட்டு அழவில்லை. "செல்வராணி, அவ வேற என்னா சொல்றா?"

"வேணாங்கக்கா."

"சொல்லு."

செல்வராணி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் தொவைச்சு மடிச்ச சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் அவளப் பாக்கப் போறாருன்னு சொல்றா."

அக்கா பெட்டியைப் பார்த்தாள். "எந்த ஊருப் பொண்ணோ, எங்க வீட்டுக் கதையெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கா" என்றவள் சிரித்துவிட்டாள். நாலைந்து பெண்கள் அடக்க முடியாமல் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூடி வைக்கச் சொன்ன ஆறு வருசத்தையும் அக்காவே சத்தமாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். யாரும் தடுக்கவில்லை. மச்சானின் அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார்.

அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்த இழவுக்கும் என்னைப் பாட்டுப் போடச் சொல்வதில்லை, பிளேன்டீ ஊற்றுகிறேன். அக்காவும் செல்வராணியும் ஞாயிற்றுக்கிழமைகளில், நான் இறக்கிக் கொடுக்கும் இந்தோனேசியத் தொடர்களைப் பார்க்கிறார்கள். புதிதாக ஒரு புருசன் கதைக்குள் வந்ததும், முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

"இவன் போயிருவான்."

"போவான், போவான்."

இதுவரை தப்பியதில்லை. ஒருநாள் என் மனைவி என்னைக் காட்டி, "அண்ணி, இவரு?" என்று கேட்டாள்.

அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இவனா? போவான். கதவத் தட்ட வெக்கப்பட்டுக்கிட்டுத் திரும்பி வந்துருவான்."