கை தூக்கிய வீட்டுக்காரர்

எங்கள் வியன்னாவில் வாடகைக்குக் குடியிருப்பவர்களில் ஓர் இனம் உண்டு: நாளைய வீட்டுக்காரர். நாளை என்றால் நாளைக்கே அல்ல. வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கம் எப்போது கட்டி முடிக்கிறதோ, அப்போது.

கண்டுபிடிப்பது சுலபம். காபிக் கடையில் ஒற்றைக் கோப்பையோடு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து, பளிங்கு மேசையில் பென்சிலால் வீட்டுப் படம் வரைந்து, பரிசாரகர் துடைக்க வந்தால் "ஐயையோ, மாடிப்படியைத் துடைச்சிடாதப்பா!" என்று பதறி, அதே மூச்சில் நிலத்தை வளைத்துப்போட்டு விலையேற்றும் புண்ணியவான்களைத் திட்டித் தீர்ப்பாரே, அவர்தான். என் பக்கத்து வீட்டு நவ்ராதில் என்பவர் அப்பேர்ப்பட்டவர். தபால் இலாகாவில் குமாஸ்தா; பரிசாரகருக்கு மட்டும் "டைரக்டர் சார்". இந்த ஊரில் பரிசாரகர் வாயால் பதவி உயராதவர் யார்?

அவர் மனைவி ஹெர்மீனுக்கு மாடிப்படி வேண்டாம். சமையலறைக்குள் ஒரு குழாய் போதும். குடித்தனக்காரர் எல்லாருக்கும் சேர்த்து நடைவழியில் ஒரே குழாய். குளிர்காலத்தில் வாளி தூக்கித் தூக்கி அவள் விரல்கள் வெடித்துக் கிடந்தன. பார்க்கவே பாவமாக இருக்கும்.

"வசந்தத்துல புது வீடு, ஹெர்மீன்!"

"எந்த வருஷத்து வசந்தம்னும் சொல்லிடுங்க."

போன வாரம் பீர்க் கடை மண்டபத்தில் சங்கத்தின் பொதுக்கூட்டம். நானும் உறுப்பினன்தான், போயிருந்தேன். நவ்ராதில் எழுந்து முழங்கினார்: "நிலம் என்ன சந்தைச் சரக்கா? குடியிருக்கத்தான் நிலம்!" மண்டபமே கை தட்டியது. தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம சங்கம் வாங்கிப் போட்டிருக்கிற மனைப் பக்கம் டிராம் வருதாம். ஒரு பேங்க்காரங்க ரெட்டை விலைக்குக் கேக்குறாங்க. வித்துட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பெருசா வாங்கலாம். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் உயர்ந்த கை யாருடையது? வேறு யாருடையது!

வீட்டுக்குள் நுழையும்போதே கூவினார்: "ஹெர்மீன், நம்ம பங்கு ரெண்டு மடங்காயிடுச்சு!"

"குழாய்?"

"அது வந்து... புது மனை வாங்கினதும்..."

அவள் காலி வாளியை எடுத்து அவர் கையில் மாட்டினாள்.

"அந்தக் கைதானே தூக்குச்சு? இதையும் தூக்கட்டும்."

இப்போது தினமும் காலையில் நடைவழிக் குழாயடியில் டைரக்டர் சாரைப் பார்க்கலாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆமாம், நீங்கள் வீடு கட்ட வைத்திருக்கும் மனைப் பக்கமும் டிராம் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். அட, கையைக் கீழே போடுங்கள்! வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.