‘ஒன்று’ என்று வட்டம் போட்ட தாள்

கெட்டில் பே,
ஜனவரி 23

சட்பரியில் இருக்கும் அன்பு அக்கா இர்மாவுக்கு, தம்பி ஆர்வோ எழுதுவது. நீயும் மார்ட்டின் அத்தானும் சுகமாக இருப்பீர்கள், அத்தானின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். பதிலுக்கு நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அந்த ஒரு வரியை இடம் பார்த்து எழுதத் தெரியாமல் போனதால் எங்கள் பள்ளிக்கூடம் பதினோரு நாள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் மனக்கவலைகளைக் கேட்பதற்கென்று மிஸ் பெட்டிகுரூ இருந்தாள். நானூறு பிள்ளைகளின் கவலையைக் கேட்டுக் கேட்டு, அக்டோபரில் அவளே மருத்துவ விடுப்பில் போய்விட்டாள். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. தலைமையாசிரியை திருமதி டெரோசியே என்னைக் கூப்பிட்டு, “ஆர்வோ, நீங்கதானே உடற்பயிற்சி வாத்தியார்? மனசு எங்க இருக்கு, உடம்புக்குள்ளதானே? அப்ப அதுவும் உங்க இலாகாதான்” என்று சொல்லிவிட்டாள். முப்பத்தொரு வருஷமாக விசில் ஊதிய ஆள் நான். அரை நாள் பயிற்சி கொடுத்து, ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டி, மாணவர் நலப் பொறுப்பாளர் என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டையும் கொடுத்தார்கள்.

முதல் வாரமே மூச்சுப் பயிற்சி. ஒன்பதாம் வகுப்பை ஜிம்மில் பாய் விரித்துப் படுக்க வைத்து, கண்ணை மூடு, நாலு எண்ணும்வரை இழு, ஆறு எண்ணும்வரை விடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மணி அடித்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு பிள்ளைகளும் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறார்கள். பயந்துபோய் ஒவ்வொருத்தர் மூக்கருகிலும் கை வைத்துப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் கோவல்சுக் வந்து நின்று, “என் கிளாஸ்லயும் இப்படித்தான்யா தூங்குறாங்க. நான் அதுக்கு ஆரோக்கியம்னு பேரு வைக்கல, அவ்வளவுதான்” என்றார். எழுப்ப மனம் வரவில்லை, அக்கா. இதுகளெல்லாம் கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கியது?

அடுத்தது சாப்பாடு. கேன்டீனில் கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலை நிறுத்திவிட்டு, கேரட்டும் வேகவைத்த கொண்டைக்கடலையும் வைக்கச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் மைனஸ் இருபத்தெட்டு. பாதிப் பள்ளிக்கூடம் தொப்பிகூட இல்லாமல் ரோட்டைத் தாண்டி பெட்ரோல் பங்குக்கு ஹாட் டாக் வாங்க ஓடியது. மூன்று பேருக்குக் காது மடல் உறைந்து, கட்டுப் போட வேண்டியதாயிற்று. சத்துணவுத் திட்டத்தில் காயம் பட்டவர்கள் மூன்று பேர் என்று என் கையாலேயே அறிக்கை எழுதினேன்.

இதெல்லாம் சில்லறை. பெரிய வினை ஜனவரியில் வந்தது. திங்கட்கிழமைதோறும் பேர் எழுதாத ஒரு தாளைப் பிள்ளைகள் நிரப்ப வேண்டும். இந்த வாரம் எப்படி இருக்கிறாய், ஒன்று என்றால் ரொம்ப மோசம், ஐந்து என்றால் ரொம்ப நலம், வட்டம் போடு. என்ன சாப்பிட்டாய், எவ்வளவு தூங்கினாய், யாரிடம் பேசினாய், நீ வராவிட்டால் யாராவது கவனிப்பார்களா என்று நாலு கேள்வி. எல்லாரும் ஐந்துக்கு வட்டம் போட்டு, ஓரத்தில் என் மீசையைப் படம் வரைந்து கொடுத்தார்கள். உண்மையை எழுதுங்கடா என்றால், “நீங்க எழுதுவீங்களா சார்?” என்று ஒருத்தன் கேட்டான். ரோஷம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்போடு பெஞ்சில் உட்கார்ந்து நானும் ஒரு தாளை நிரப்பினேன். வட்டம், ஒன்று. சாப்பாடு, சிங்க் பக்கத்தில் நின்றபடி ரொட்டி. தூக்கம், மூணு மணி நேரம், சோபாவில். பேசியது, ரேடியோவிடம். கவனிப்பார்களா? சாவியைத் தேடும்போது தெரியும். மடித்துப் பெட்டியில் போட்டேன். போட்ட கையோடு அதை மறந்தும் போனேன்.

அந்தத் தாள்களைப் பிரித்து அடுக்குவது ‘நலத்தோழர்கள்’ என்று நாங்களே பயிற்சி கொடுத்த நாலு மாணவர்கள். மறுநாள் காலையில் டெரோசியே என்னை அவசரமாகக் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது. “பத்தாம் வகுப்புல ஒரு பிள்ளை ரொம்ப மோசமான நிலையில இருக்கு ஆர்வோ. யாருன்னு நீங்க கண்டுபிடிக்கணும்” என்று என் தாளையே என் கையில் கொடுத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அறையில் ஆறு பேர். அதில் கோவல்சுக் வேறு. சாவி என்று எழுதியிருப்பதால் பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட வீட்டுப் பிள்ளை, கழுத்தில் வீட்டுச் சாவி தொங்கும், அதைப் பாருங்கள் என்று அவர் துப்புக் கொடுத்தார். நான் எழுதியது என் இடுப்பில் தொங்கும் ஜிம் சாவியை; ஆனாலும் தலையாட்டிக் குறித்துக்கொண்டேன். என்னைத் தேடும் குழுவுக்கு நானே தலைவர், அக்கா. வீடுவீடாகக் கடிதம் போயிற்று. பனிக்காற்றில் நாலு மணி நேரம் காரோட்டிக்கொண்டு ஒரு மனநல ஆலோசகர் வருவதாக ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன்.

இதற்கிடையில் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நம்மில் யாரோ ஒருத்தர் ரேடியோவோடு பேசுகிறார்களாம் என்று அவர்களே தேட ஆரம்பித்தார்கள். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். லாக்கர் இடுக்கில் யாரோ மஃபின் சொருகினார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராக ஏழு பேர் என் அறைக்கு வந்து, “சார், அந்தத் தாள் என்னது இல்ல, ஆனா...” என்று ஆரம்பித்தார்கள். ஒரு பையன் தினமும் காலையில் அம்மாவை எழுப்பப் பயப்படுகிறான், எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்று. ஒரு பெண் செப்டம்பரிலிருந்து மத்தியானம் சாப்பிடுவதே இல்லை. ஏன் என்று கேட்டேன். ஜிம் வகுப்பில் எல்லாரையும் எடை போட்டு, எடையைச் சத்தமாக வாசித்தார்களாம். வாசித்தது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? முப்பத்தொரு வருஷமாக அதை நான் நல்லதென்று நினைத்துச் செய்துகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார்” என்றாள். பரவாயில்லை என்பது மாதிரியா இருந்தது அவள் முகம்! அன்றைக்கே எடை மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இரும்போடு போட்டேன்.

பதினோராவது நாள் டானிஸ் வந்தாள். நலத்தோழர்களில் ஒருத்தி, பெண்கள் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். எதையும் விடமாட்டாள். கதவைச் சாத்திவிட்டு, “சார், இந்த ஸ்கூல்ல யாரு சார் ரேடியோ கேக்குறாங்க?” என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். “அப்புறம் அந்த எழுத்து. ஜிம் போர்டுல ‘ஷூ போடாம வராதே’ன்னு எழுதியிருக்கே, அதே எழுத்து.” பையிலிருந்து நாங்கள் கொடுத்த பயிற்சி அட்டையை எடுத்து, வரிசை தவறாமல் வாசித்தாள். “நீங்க சொல்றத நான் நம்புறேன். நீங்க தனியா இல்ல. இத நம்பிக்கையான ஒரு பெரியவங்ககிட்ட சொல்லலாமா?”

“இங்க பெரியவன் நான்தானே டானிஸ்.”

“அதான் சார் பிரச்சனையே.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பாதியில் அது வேறு ஏதோவாகிவிட்டது. லோர்னா கண்ணை மூடி ஒன்பது மாசம் ஆச்சு, பொண்டாட்டி பேரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்னிக்குத்தான், அதுவும் பதினாறு வயசுப் பொண்ணுகிட்ட. அவ எழுந்து போகல, கையைப் பிடிக்கல, கோல் முன்னாடி நிக்கிற மாதிரி அசையாம உக்காந்திருந்தா. கடைசியில பேனாவ எடுத்து, “ஒரு பேரு சொல்லுங்க சார். அட்டையில கட்டம் இருக்கு” என்றாள். உன் பேரைச் சொன்னேன், அக்கா. அதனால்தான் இந்தக் கடிதம். கிறிஸ்துமஸுக்கு லோர்னாவின் அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்று உனக்குப் போனில் சொன்னதும் பொய். இங்கேதான் இருந்தேன்.

டெரோசியேயிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவள் அந்தத் தாளை வாங்கி இன்னொரு முறை படித்தாள். அப்புறம், “தேடின பிள்ளை கிடைச்சாச்சுன்னு வீட்டுக்கெல்லாம் எழுதிடறேன். வயசு அம்பத்தெட்டுங்கறத மட்டும் விட்டுடறேன்” என்றாள். நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த ஆலோசகரை வெறுமனே அனுப்ப முடியாதாம். முதலில் அந்த ஏழு பேரையும் பார்த்தார். எட்டாவதாக நான் போய் உட்கார்ந்தேன். இனி வாரம் ஒரு நாள் வருவார்.

ஆகவே நீ கவலைப்பட ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்குகிறேன், சூப் வைத்துக் குடிக்கிறேன். பாதையெல்லாம் பனி, இந்தக் குளிரில் நீ கிளம்பி வர வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் கடவுள் நல்ல உடம்பையும் சண்டை போடாத காலைகளையும் கொடுக்கட்டும்.

உன் தம்பி,
ஆர்வோ

பி.கு.: வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடு. சனிக்கிழமை பஸ் மூன்றே முக்காலுக்கு வருகிறது. நன்றாகத் தூங்குகிறேன் என்றதும் பொய்தான். மாடியறைக் கதவை ஏப்ரலில் சாத்தியவன் இன்னும் திறக்கவில்லை. லோர்னாவின் மூக்குக்கண்ணாடி கட்டில்மேல் மடிக்காமல் கிடக்கும், எனக்குத் தெரியும். நேற்றுக் கைப்பிடிவரை போய்த் திரும்பிவிட்டேன். நான் திறக்கும்போது நீ பின்னால் நின்றால் போதும். ஒன்றும் பேச வேண்டாம்.