அக்காவின் இடத்தில் தங்கச்சி

பிரியமுள்ள தங்கச்சிக்கு, அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். சுகமில்லாவிட்டாலும் உன்னிடம் சொல்ல மாட்டேன். அம்மாவின் தையல் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு போய், மூடியை மட்டும் திருப்பி அனுப்பினவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

விஷயம் இதுதான். என் பேத்தி பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறாளே, அவளுடைய ஆய்வுக்கூடத்தில் ஈ வளர்க்கிற ஏதோ பெட்டி கெட்டுப்போய், இரண்டு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து என் அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் குளிக்கப் போய்விட்டாள். அடியில் புழு நெளிகிறது, யாருக்குத்தான் பொறுக்கும்? கழுவலாமென்று இரண்டையும் கவிழ்த்தேன். ஈ என்றால் பறக்க வேண்டாமா? சினிமா விட்ட கூட்டம் மாதிரி சாவகாசமாக நடந்து போகின்றன! துடைப்பத்தால் அள்ளி ஒரே பாட்டிலில் அடைத்தேன்.

“ஐயோ பாட்டி, ரெண்டையும் கலந்துட்டியே! என் உழைப்பே போச்சு!”

“அதான் அள்ளிக் குடுத்துட்டேன்ல? வேணும்னா எண்ணிக்கோ.”

அழுதுகொண்டே விளக்கினாள். ஈயின் தசை நாரைக் கட்ட ஆறு ஜீன்களாம். ஒரே குடும்பம், ஏறக்குறைய ஒரே ஜாடை, ஆனால் ஆறும் ஆறு இடத்தில் தனிக்குடித்தனம். ஒன்றுக்கு இறக்கை வேலை, இன்னொன்றுக்குக் கால் வேலை. முட்டை ஓட்டுக்கான ஜீன்கள் மட்டும் ஒரே வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருக்குமாம். சண்டை வராமல் எப்படித்தான் இருக்கின்றனவோ! முதல் பாட்டில் ஈக்களுக்கு இறக்கை ஜீன் பழுது, பறக்கவே வராதாம். மற்ற ஐந்தும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக் கூரை ஒழுகினபோது தங்கச்சிகள் நீங்கள் ஐந்து பேரும் இருந்த மாதிரியே.

இரண்டாவது பாட்டிலில், கால் வேலை பார்க்கும் தங்கச்சி ஜீனைக் கொண்டுவந்து, பழுதான இறக்கை அக்காவின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறாளாம்.

“இப்பதான் பொறந்ததுங்க பாட்டி, இன்னும் றெக்கை விரியல. நாளைக்கு ஒண்ணாவது பறந்தாத்தான் நான் பிழைச்சேன்.”

“பறக்காதுடி. தங்கச்சிங்களைப் பத்தி எனக்குத் தெரியும்.”

அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. இதுவும் உன்னால்தான். ஆகவே நீ என் வாசற்படியை மிதிக்க வேண்டாமென்று மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன். உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும். உன் முழங்காலும்தான்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத அக்கா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் விடிந்துவிட்டது. கொசுவலை கட்டி அதற்குள் பாட்டிலைத் திறந்தாள். ஒன்று பறந்தது. நேராக இல்லை, நீ சைக்கிள் ஓட்டின மாதிரி கோணல்மாணலாக. ஆனாலும் வலையின் உச்சிவரை போய்விட்டது. பேத்தி என்னைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். மெஷின் மூடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். மெஷினோடு வா. இல்லாவிட்டாலும் வா.