நான் தோளில் தூக்கிய சென்டர் ஃபார்வர்ட்

மாமன் மகள் உள்ளவன் சோம்பேறியாகிவிடுவான். ஆசையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றாது. அதுதான் முறை இருக்கிறதே, எங்கே போய்விடப் போகிறாள் என்று இருந்துவிடுவான். நான் அப்படித்தான் இருந்தேன். திலகத்தைத் தினமும் பார்க்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

அந்தச் சாக்கை நானே பஸ் ஏற்றி ஊருக்கு அழைத்து வந்தேன்.

எங்கள் ஊர் திருவிடைமருதூருக்குப் பக்கம். ஊர் கால்பந்து டீமுக்கு நான் செக்ரட்டரி. (ஆட வராதவனை வேறு என்ன செய்வார்கள்?) எதிர்க்கரை ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் கப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "உங்க டீம் என்னிக்கு அத்தான் ஜெயிக்கும்?" என்று திலகம் ஒருநாள் கேட்டுவிட்டாள். அன்றோடு என் தூக்கம் போயிற்று. வெளியிலிருந்து ஒரு ஆட்டக்காரனைப் பிடித்து வருவது என்று முடிவு கட்டினேன்.

கும்பகோணத்தில் அகப்பட்டான் சேகர். அவன் ஆடிய மில் டீமைக் கலைத்துவிட்டார்கள். எந்த டீமுக்கும் சொந்தமில்லாமல் சும்மா இருந்தான். பெரிய ஆட்டக்காரன்தான், ஆனால் வலது முட்டியில் எப்போதும் ஒரு கட்டு. கேட்டது இரண்டு மூட்டை நெல், ஆட்டம் முடியும்வரை சாப்பாடு, தங்க இடம். எங்கள் கேப்டன் கலியபெருமாள் என்னைத் தனியே இழுத்துப் போனான்.

"முட்டியப் பாருடா. இவன் ஓடுவானா, உக்காந்து சாப்புடுவானா? ரெண்டு மூட்டை போச்சுன்னா ஊருக்கு யாரு பதில் சொல்றது?"

"ரிஸ்க் எடுக்காம கப்பு வருமா? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் தங்க வைக்க முடியாது. அப்பா முதலில் சாதியைக் கேட்பார், பிறகுதான் தண்ணீர்ச் சொம்பு வரும். திலகத்தின் அப்பா, அதாவது என் மாமா, ஆளுங்கட்சிக்காரர், சுயமரியாதை பேசுபவர். "நம்ம வூட்டுல எவனையும் சாதி கேக்கறதில்ல. கொண்டாந்து வுடு மாப்ளே" என்றார். எனக்கு உள்ளூர ஆனந்தம். ஆட்டக்காரன் சாப்பிட்டானா, கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற சாக்கில் எந்நேரமும் மாமா வீட்டுக்குப் போகலாம். (சொந்தத்தில் பெண் கொடுப்பது கூடாது என்று மாமா மேடை மேடையாகப் பேசியிருக்கிறார். நானும் கை தட்டியிருக்கிறேன்.)

அடுத்த வாரம் ஆட்டம் என்பது ஏற்பாடு. அறுத்த வயல்தான் எங்கள் மைதானம். அந்த வருஷமோ அறுப்பே நடக்கவில்லை. கூலியை உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று வேலை செய்பவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். வரப்பில் கைகலப்பு, பள்ளிக்கூடத்தில் போலீஸ், ஊர் முழுக்க நூற்று நாற்பத்து நாலு. ஐந்து பேர் கூடி நின்றாலே பிடித்துப் போகிற ஊரில் இருபத்திரண்டு பேர் எப்படி ஆடுவது? போதாக்குறைக்கு, கூலி கேட்டவர்களில் எங்கள் லெஃப்ட் அவுட்டின் அப்பா இருந்தார். தர மறுத்தவர்களில் ரைட் அவுட்டின் அப்பா இருந்தார்.

முற்றிய கதிர் வயலிலேயே கிடந்தது. சேகர் மாமா வீட்டிலேயே கிடந்தான். அவனுக்குப் போக வேறு டீம் இல்லை. நான் வாய்க்காலில் விரால் பிடித்துக் கொண்டுபோய்த் திலகத்திடம் கொடுப்பேன். "நல்லா கவனிச்சுக்க, இவன் கால்லதான் நம்ம மானமே இருக்கு" என்பேன். அவளும் கவனித்தாள். முட்டிக்கு நொச்சி இலை வதக்கித் தரச் சொன்னதுகூட நான்தான்.

ஒருநாள் கொல்லைப்பக்கம் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன திலகம், ஒரே சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல அத்தான். ஆஃப்சைடுன்னா என்னன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆட்டத்தில் இவளுக்கு இத்தனை ஆர்வமா, நம் வீட்டுக்கு வந்தபிறகு டீமுக்கு எவ்வளவு உதவியாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

மாசிக் கடைசியில் கூலி பேசி முடிந்தது. அறுப்பு முடிந்தது, தடையும் நீங்கியது. ஆட்டத்தன்று சேகர் முக்கால்வாசி நேரம் நடந்துதான் கொண்டிருந்தான். கலியபெருமாள் வயலுக்குள்ளிருந்தே என்னை முறைத்தான். கடைசியில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருந்த லெஃப்ட் அவுட்டும் ரைட் அவுட்டும் பந்தை மட்டும் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அது சேகரிடம் வந்தது. அறுத்த தாள் காலைக் குத்துகிற வயலில், முட்டிக் கட்டோடு, அவன் ஒரு திரும்பு திரும்பினான். எதிர்க்கரை கோல்கீப்பர் ஒருபக்கம் விழ, பந்து மறுபக்கம் போனது. ஒரே கோல். கப்பு எங்களுக்கு.

ஓடிப்போய் அவனை என் தோளில் தூக்கிக்கொண்டேன். வயலைச் சுற்றி ஊர்வலம் போனேன். வரப்பில் திலகம் நின்றாள். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு. எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. ஒரு கையால் அவன் காலைப் பிடித்துக்கொண்டு மறுகையை நானும் அசைத்தேன். எனக்கு மேலே அவனும் கையசைத்துக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியவில்லை. ஊருக்கே தெரிந்தது.

"டேய், போதும், எறக்கி வுடுடா" என்றான் கலியபெருமாள், பாவம். நான் இன்னொரு சுற்று போனேன். அந்த முகத்தை மறுபடி ஒரு தடவை பார்க்கக் கிடைத்தால், இந்த வயதிலும் யாரை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு சுற்றுவேன்.

பங்குனியில் மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "திலகம் அவனத்தான் கட்டிக்குவேங்குது. நீ அழைச்சிக்கிட்டு வந்த பையன். என்ன மாப்ளே சொல்ற?"

"தங்கமான பையன் மாமா" என்றேன். அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதவன் வேறு என்ன சொல்வது? சித்திரையில் சுயமரியாதைக் கல்யாணம். பந்தியில் பரிமாறியது நான்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வரத் தாமதமானால், "கார் எதுக்கு, இவரு தோளு இருக்கே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். கலியபெருமாள் விடமாட்டான். "ரெண்டு மூட்டை நெல்லுக்கு ஊருக்குக் கப்பு, மாமாவுக்கு மாப்பிள்ளை. இவன் எடுத்த ரிஸ்க் வீண்போகலப்பா" என்பான்.

சேகருக்கு அறுபது நிறைந்தபோது பிள்ளைகள் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்து வைத்தார்கள். அங்கேயும் ஒரு வாண்டு, "அவரத் தூக்குங்க, தூக்குங்க" என்று கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திலகம் மட்டும் சிரிக்கவில்லை. மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு ரொம்ப கனமா இருந்தாரா அத்தான்?"

"நீ பாத்துக்கிட்டு இருந்தியே, அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே கனக்கல திலகம்."

அவளிடம் நான் மனதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். (அவள் பதில் சொல்வதற்குள் போட்டோவுக்கு நிற்கச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.)