ஒன்பதாம் அறை பச்சையான வரலாறு

மனிதகுலத்தின் முதல் புதுமை நெருப்பு. இரண்டாவது புதுமை 2006 ஆவணியில், திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ‘தகவல் தொழில்நுட்பத் துறை’யில் நிகழ்ந்தது. துறை என்றால் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் எவாஞ்சலின்.

எவாஞ்சலினுக்கு ஒரு கவலை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்து வெடிமருந்து செலுத்தக் கூடாது என்பது விதி. ஆனால் தீபாவளி சீசன். ஒன்பதாம் அறையில் பதினோரு பேர். அதில் ஒருத்தியான பஞ்சம்மாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்பாள்.

“முழங்கைய மடக்க இடமில்ல தாயி. ஒம் பொட்டி அம்புட்டையும் சொல்லுதாமே, எங்களப் பத்தியும் சொல்லச் சொல்லேன்.”

எவாஞ்சலின் ஒரு புரோகிராம் எழுதிச் சொல்லவைத்தாள். வாசலில் டோக்கன் வாங்கும்போதே, எந்த அறைக்கு எத்தனை பேர் என்று திரையில் வந்துவிடும். நான்கைத் தாண்டினால் சிவப்பு.

முதலாளி சங்கிலிமுத்து அண்ணாச்சி அகமகிழ்ந்தார். ‘கார்ப்பரேட் கலாச்சாரம்’ போதிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் சத்தியநாதன் அவரைவிட அதிகமாக மகிழ்ந்தார்.

“ஒரே கம்பெனி, ஒரே கலாச்சாரம் சார்! பட்டாசுக்கு என்ன முறையோ அதுதான் கம்ப்யூட்டருக்கும்.”

“புது ஐட்டம்னா பொட்டல்ல வச்சுப் பத்தவச்சுல்லா பாப்போம்?”

“அதையே பண்ணுங்க!”

அப்படியே ஆயிற்று. வெட்டவெளியில் மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர், ஆபீசிலிருந்து இழுத்த வயர். ஐம்பது அடி தள்ளிக் கயிறு. கயிற்றுக்குப் பின்னால் நிர்வாகம். மணல் வாளியோடு போர்மேன் அய்யாதுரை.

“பட்டன அமுக்கிட்டு ஓடி வந்திரும்மா!”

“ஓட வேண்டாம் அண்ணாச்சி. இது வெடிக்காது.”

“முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?”

அமுக்கினாள். ஓடினாள். நிர்வாகம் காதைப் பொத்திக்கொண்டது.

“என்னலே அய்யாதுரை, சத்தத்தையே காணோம்?”

“கலர் ஐட்டம் போல, அண்ணாச்சி. செவப்பு நல்லா ஏறியிருக்கு.”

“அது ஒன்பதாம் ரூமு! பதினோரு பேரு இருக்காக!” என்று எவாஞ்சலின் கத்தினாள்.

அந்தக் குரலுக்கு உரிய மரியாதை கிடைத்தது. உடனடியாகப் ‘புதுமைக் குழு’ கூடியது. அண்ணாச்சி, ஆலோசகர், மானேஜர், அய்யாதுரை, எவாஞ்சலின். சத்தியநாதன் தலைகளை எண்ணினார், பதறிவிட்டார்.

“ஒரு ரூமுக்கு நாலு பேர்தான்! பாதுகாப்பு விஷயத்துல விளையாடக் கூடாது. ஒருத்தர் வெளியே போகணும்.”

நான்கு பேரும் எவாஞ்சலினைப் பார்த்தார்கள். புதுமையைப் பெற்றவள் வராந்தாவில் நின்று, ஜன்னல் வழியாக அதன் எதிர்காலத்தைக் கேட்டாள்.

“சிவப்பு நெகட்டிவ் சார். ஊழியர் மனசு சோர்ந்துடும்.” இது ஆலோசகர்.

“ஆளக் கொறச்சா புதன்கெழம லோடு போகாதே!” இது மானேஜர்.

“ஆளை ஏன் குறைக்கணும்? அறையைக் கூட்டுங்க.”

“கட்டுனா லைசென்சு கேப்பாக.”

“கட்ட வேண்டாம் சார். ஒரு டப்பா பெயின்ட் போதும்.”

“அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் ஜன்னலில் எவாஞ்சலின்.

“நீ கூட்டத்துலயே இல்லியேம்மா. எப்பிடிப் பேசுவ?”

மறுநாள் ஒன்பதாம் அறைச் சுவரில் மூன்று எண்களை அய்யாதுரை மஞ்சள் பெயின்டில் எழுதினார்: 9அ, 9ஆ, 9இ. நான்கு பேர், நான்கு பேர், மூன்று பேர். திரை முழுக்கப் பச்சை. கம்பெனியே எழுந்து நின்று கைதட்ட, எவாஞ்சலினுக்குச் ‘சிறந்த புதுமையாளர்’ கேடயம் வழங்கப்பட்டது.

சாப்பாட்டு நேரத்தில் பஞ்சம்மாள் வந்தாள். கையில் புது டோக்கன்.

“எங்க ரூம மூணாக்கிட்டீகளாமே தாயி?”

“ஆமாக்கா.”

“எனக்கு மூணாவது ரூமாம். நல்லது. ஆனா வாச ஒண்ணுதான இருக்கு? தீப்புடிச்சா மொத ரெண்டு ரூம்காரவுகளும் ஓடி முடிக்கட்டும்னு நான் உக்காந்திருக்கணுமா?”